நோயாளியின் முறையீடு ஸப்ருக்கு மாற்றமானதா?



சென்ற ஆண்டு ரஜபு மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து ஹவுளின் ஓரமாக நின்றுகொண்டிருந்தபோது, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். ஐம்பதைத் தாண்டியவர், முன் ஸஃப்பை விடாதவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆலிம்சா, எங்க உம்மாவுடைய ஈமானுக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஒரு நடை வீட்டுக்கு வந்து போகணும்" என்றார்.

அவருடைய தாயாரை நாம் அறிவோம். வயது எழுபத்தைந்துக்கு மேலிருக்கும். வெற்றிலையும் புகையிலையுமாகப் பழகிய வாய். தாடையில் புற்று வந்து, ஆபரேஷனும் ஆகி, மறுபடியும் வந்துவிட்டது. இனி வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேச்சு நின்று இரண்டு மாதமாகியிருந்தது. தண்ணீர் வேண்டும், தலையணையை உயர்த்து என்பதெல்லாம் கை ஜாடைதான். ஆனால் பேரப்பிள்ளையின் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, எல்லோரும் உறங்கிய பிறகு அதில் எழுதுவார்களாம்.

எழுதியது அரபுத் தமிழில். நம் கடற்கரை ஊர்களில் அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் ஓதப்பள்ளியில் அரபு எழுத்தைப் படித்து, அந்த எழுத்திலேயே தமிழை எழுதினார்கள் என்பது நேயர்கள் அறிந்ததே. சபரிலிருந்த கணவன்மார்களுக்குக் கடிதம் போனதும் அந்த எழுத்தில்தான். இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அது பழக்கமில்லை. குர்ஆன் ஓதிய பழக்கத்தைக் கொண்டு மூத்த மகன் தட்டுத் தடுமாறி ஒரு வரியைக் கூட்டி வாசித்திருக்கிறார். 'படைத்தவனே, நீ என்னை ஏன் மறந்தாய்' என்று அதில் இருந்தது. வெலவெலத்துப்போய் நோட்டை எடுத்து அலமாரி மேலே வைத்துவிட்டார். அன்றிலிருந்து தாயார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, குழாய் வழியாகக் கொடுக்கும் கஞ்சியையும் வேண்டாமென்று கையால் தள்ளுகிறார்கள்.

இதில் நமக்கும் பங்குண்டு. அதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. இரண்டு வாரத்துக்கு முன்னர்தான் நாம் நலம் விசாரிக்கப் போயிருந்தோம். திரைக்கு இப்பால் நாற்காலியில் உட்கார்ந்து, நோய் பாவங்களை உதிர்க்கும், ஸப்ரு செய்பவர்களுக்குக் கணக்கில்லாத கூலியுண்டு என்று எடுத்துரைத்து, துஆ ஓதி, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டோம். சொன்னதில் ஒன்றும் தவறில்லை. ஆனால் அவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று நாம் கேட்கவில்லை. பேச முடியாதவரிடம் கேட்பதற்கென்ன இருக்கிறது என்று எண்ணிவிட்டோம் போலும்!

மகனுடைய பயத்தை நாம் பரிகசிக்கவில்லை. தாயின் ஆகிரத்தைப் பற்றிய கவலையால் வந்த பயம் அது. நம் வீடுகளில் ஸப்ரு என்றால் வாயைத் திறக்காமலிருப்பது என்றே பொருளாகிவிட்டது. அழுத பெண்ணை அதட்டுகிறோம். 'வலிக்கிறதே' என்றவரை, 'அப்படிச் சொல்லாதே, நாயனுக்குப் பொருந்தாது' என்று அடக்குகிறோம். மார்க்கம் இப்படித்தான் சொல்கிறதா?

அய்யூப் அலைஹிஸ்ஸலாம் அவர்களைப் பாருங்கள். ஸப்ருக்கு உதாரணம் காட்ட வேண்டுமானால் முதலில் நம் நாவில் வருவது அவர்களுடைய பெயர்தான். அவர்கள் வாய் மூடியா இருந்தார்கள்? தம்மைத் துன்பம் தீண்டிவிட்டது என்று ரப்பிடம் முறையிட்டதை அன்பியா சூராவில் ஓதுகிறோம். அதே அய்யூபை ஸப்ருடையவராகவே கண்டோம் என்று ஸாத் சூராவில் அல்லாஹ்வே மெச்சுகிறான். முறையிட்டவரும் அவரே, பொறுமையாளர் என்று பட்டம் பெற்றவரும் அவரே. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் இந்தப் புகழ்ச்சி எப்படி வரும்?

யஃகூப் அலைஹிஸ்ஸலாம் அவர்களும் அப்படியே. யூசுபை இழந்த அன்று அழகிய பொறுமையைப் பற்றிப் பேசியவர்கள் அவர்கள். ஆண்டுகள் பல சென்ற பின்னும் துக்கத்தால் கண்கள் வெளுத்துப் போயின. பிள்ளைகள் குறை சொன்னபோது, என் துக்கத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். துக்கமே இல்லை என்று அவர்கள் மறைக்கவில்லை.

ஹதீஸ் கலையின் பேரறிஞர் இமாம் புகாரி ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் தம் கிரந்தத்தில் நோயாளிகளைப் பற்றிய பகுதியில் இதற்கென்றே ஒரு பாடம் அமைத்திருக்கிறார்கள். எனக்கு நோவாயிருக்கிறது, ஐயோ என் தலை, வேதனை கடுமையாகிவிட்டது என்றெல்லாம் நோயாளி சொல்வதற்கு அனுமதியுண்டு என்பது அந்தப் பாடத்தின் தலைப்பு. அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் தலைவலி தாங்காமல் 'என் தலையே' என்று சொன்னபோது பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. தமக்கும் தலை நோவதாகவே சொன்னார்கள். கடுங்காய்ச்சலில் அவர்களைத் தொட்டுப் பார்த்த இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம், உங்களில் இரண்டு பேர் படும் வேதனையை நாம் படுகிறோம் என்ற கருத்தில் பதில் கூறினார்கள். எல்லாம் அறிந்த நபியே இப்படித் தம் நோவைச் சொல்லியிருக்க, நம் வீட்டுக் கிழவியம்மாவுக்கு மட்டும் வாய்ப்பூட்டு எதற்கு?

இன்னும் ஒன்று உண்டு. அது பெண்மக்கள் அறிந்துவைக்க வேண்டியது. கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) என்ற மாது, கணவர் தம்மைத் தாயைப் போல் என்று சொல்லி விலக்கிவிட்ட துயரத்தை நபியவர்களிடம் வந்து வாதாடி, அல்லாஹ்விடம் முறையிட்டார். அதே வீட்டின் ஒரு மூலையில் இருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக்கூட அந்தப் பேச்சில் சில வார்த்தைகள் காதில் விழவில்லை. ஏழு வானங்களுக்கு அப்பால் அல்லாஹ் கேட்டான். கேட்டதோடு விட்டானா? அந்த முறையீட்டைக் குறிப்பிட்டே ஒரு சூராவைத் துவக்கி, கியாமத் நாள் வரை ஓதப்படும் வேதத்தில் எழுத்தாக்கி வைத்துவிட்டான். முஜாதலா என்று அந்தச் சூராவுக்கே பெயர்.

ஆகவே மகனிடம் நாம் சொன்னது இதுதான்: அல்லாஹ்வைப் பற்றி மனிதர்களிடம் குறை பேசித் திரிவது வேறு, அல்லாஹ்விடமே போய் முறையிடுவது வேறு. உங்கள் உம்மா எழுதிய வரி யாரைப் பார்த்து எழுதப்பட்டிருக்கிறது? 'படைத்தவனே' என்றல்லவா ஆரம்பிக்கிறது! ஈமான் போனவர் நடு இரவில் எழுந்து யாரைக் கூப்பிடுவார்? மறந்தாய் என்ற சொல் அதபுக்குக் குறைவானதுதான். நம் ரப்பு மறப்பவன் அல்லன். அதை வலி தணிந்த ஒரு நேரத்தில் இதமாகத் திருத்திக்கொள்ளலாம். நோட்டைப் பிடுங்கியதுதான் இங்கே உடனே திருத்த வேண்டியது.

அன்று மஃரிபுக்குப் பின் அவர்கள் வீட்டுக்குப் போனோம். திரைக்கு இப்பாலிருந்தே, "பெரியம்மா, இந்த நோட்டு உங்களுடையது. நீங்கள் சம்மதித்தால் வாசிக்கிறோம். இல்லையென்றால் திறக்காமலே உங்கள் கையில் தருகிறோம்" என்றோம். மருமகள் நோட்டை உள்ளே கொண்டு போனார். வெகுநேரம் சத்தமில்லை. பிறகு இரண்டு ஏடுகளை மட்டும் மடித்து, அதை மாத்திரம் வாசிக்கும்படி ஜாடை காட்டியதாகச் சொல்லித் திரும்பக் கொண்டுவந்தார். மற்ற ஏடுகளை நாம் பார்க்கவில்லை. துருவி ஆராய்வதை ஹுஜுராத் சூராவில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். படுக்கையில் கிடப்பவருக்கு அந்தத் தடை தளர்ந்துவிடாது.

அந்த இரண்டு ஏடுகளில் இருந்த விஷயத்தை, குடும்பத்தாரும் சம்பந்தப்பட்ட இன்னொருவரும் இசைந்ததன் பேரில், ஊர் பெயரின்றி இங்கே சொல்கிறோம்.

அவர்களுக்குத் தலைப்பிள்ளையாக ஒரு பெண் இருந்திருக்கிறது. இரண்டரை வயது. கல்யாண வீட்டுக்குப் போக வேண்டி, பிள்ளையைத் தங்கையிடம் விட்டுச் சென்றிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது காய்ச்சல் கொதித்து, வலிப்பு வந்து, பஜ்ருக்குள் பிள்ளை மவ்த்தாகிவிட்டது. கணவர் கொழும்பில் வியாபாரத்தில் இருந்தார். நாற்பது நாள் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. ஸப்ரு செய் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. வீட்டுப் பெரியவர்களும் அழக்கூடாது என்றார்கள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளையின் பெயரை அவர்கள் வாயால் சொன்னதில்லை. தங்கையைப் பார்த்து ஒரு குறையும் பேசியதில்லை. ஆனால் மூன்று தெரு தள்ளியிருக்கும் தங்கை வீட்டில் ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒரு வாய் சோறு உண்டதில்லை. காரணம் தங்கைக்கும் தெரியும், இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. ஏட்டின் கடைசியில், 'அந்தப் பிள்ளையை எனக்குக் காட்டுவாயா' என்று நாயனிடம் கேட்டிருந்தார்கள்.

வாசித்து முடித்தபோது மூத்த மகன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஒரு பிள்ளை இறந்தது என்ற அளவில் அவருக்குத் தெரியும். பெயரை அன்றுதான் கேட்டார்.

நாம் ஸப்ரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மடியில் உயிர் பிரிந்தபோது அவர்களின் கண்கள் நீர் வடித்ததையும், தாங்களுமா என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் கேட்டதற்கு இது இரக்கம் என்று பதில் தந்ததையும் சொன்னோம். சிறு வயதில் இறந்த குழந்தைகள் சோலை ஒன்றில் இப்ராஹீம் நபியைச் சுற்றியிருப்பதாக அவர்கள் கனவில் கண்ட செய்தி ஸஹீஹான ஹதீஸில் வந்திருப்பதையும் சொன்னோம். திரைக்கு அப்பால் அழுகைச் சத்தம் கேட்டது. யாரும் அடக்கவில்லை.

நோட்டு மறுபடியும் தலைமாட்டுக்குப் போயிற்று. இரண்டொரு நாளில் ஒரு தாளைக் கிழித்துத் தங்கையிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் பொருந்திக்கொண்டேன், நீயும் என்னைப் பொருந்திக்கொள் என்பது மட்டும் அதில் எழுதியிருந்தது. தங்கை அன்று மாலையே வந்தார். இருவருக்குமிடையே என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஷஅபான் பிறை பன்னிரண்டில் அந்த அம்மையார் வபாத்தாகும் வரை தங்கை தினம் பகலில் வந்து உட்கார்ந்திருந்தார் என்று வீட்டார் சொன்னார்கள்.

இவ்வாறு மனத்திலுள்ளதை எழுதுவதால் ஏற்படும் பலனை மருத்துவ உலகமும் ஆராய்ந்திருக்கிறது. லண்டனில் 1967ஆம் ஆண்டு செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய டாக்டர் சிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார், மரணத் தறுவாயிலுள்ளவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை. மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்ததே அந்த வலி என்று எடுத்துக்காட்டினார். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்னும் மனோதத்துவ அறிஞர் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை நாளொன்றுக்கு 15 நிமிடமாக 4 நாட்கள், தம் வாழ்வின் வேதனையான சம்பவத்தை எழுதச் சொன்னார். நடந்ததையும் அதனால் பட்ட மனவேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதிய அன்று கலங்கிப் போனார்கள். பின்வந்த மாதங்களில் வைத்தியரிடம் போவது மற்றவர்களைவிடக் குறைந்தது.

அவர்கள் ஆரோக்கியமான வாலிபர்கள். படுத்த படுக்கையானவர்களிடம் இதே முறையைக் கையாண்டு பார்த்தபோது பெரும்பாலோரால் எழுதி முடிக்க இயலவில்லை. கை ஒத்துழைக்காது, கண் சொருகும். கனடா நாட்டு டாக்டர் ஹார்வி சோச்சினோவ் என்பவர் கண்டது வேறு வழி. நோயாளி பேசுவார். வாழ்வில் எது முக்கியமாயிருந்தது, யாருக்கு என்ன சொல்லிவைக்க வேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்து, எழுத்தாக்கி, அவருக்கே வாசித்துக் காட்டித் திருத்தி, அவர் விரும்பியவர் கையில் சேர்ப்பார்கள். 2005இல் வெளியான கணக்கின்படி, 100 நோயாளிகளில் 91 பேர் திருப்தி தெரிவித்தனர். 76 பேர் தம் கண்ணியம் உயர்ந்ததாக உணர்ந்தனர். 81 பேர் இது தம் குடும்பத்துக்கு உதவியது அல்லது உதவும் என்றனர். 2011இல் இதைவிடப் பெரிய ஆய்வில், மனவேதனையை அளக்கும் அளவுகோல்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை என்பதையும், ஆனாலும் நோயாளிகள் இதனால் தமக்கு உதவி கிடைத்தது என்றே சொன்னார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். இது மாத்திரை அல்ல, இத்தனை மில்லிகிராமுக்கு இத்தனை பலன் என்று சொல்ல.

கை ஓய்ந்தவருக்காக இன்னொருவர் எழுதுவது நமக்குப் புதிதா? குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து, கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. கடனாளி பலவீனராகவோ வாசகம் சொல்ல இயலாதவராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதத்தோடு சொல்லி எழுதவைக்க வேண்டும் என்று அல்லாஹ் அதில் ஏவுகிறான். அது கடன் விவகாரத்தில் வந்த சட்டம்தான். ஆயினும் பிறருக்காக எழுதுகிறவன் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும் என்ற அதபை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 'உம்மா இப்படிச் சொன்னால் காக்கா மனம் நோகும்' என்று வாக்கியத்தைச் சீர்படுத்துகிற மகள் அந்த அமானிதத்தில் கை வைக்கிறாள்.

கேரளத்தில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் 1993ஆம் ஆண்டு தொடங்கிய வலி தணிப்புப் பணி, பின்னர் மலப்புறம் ஜில்லாவில் தெருத் தெருவாகப் பரவியது. கடைக்காரர், ஆசிரியர், வீட்டுப் பெண்கள் என்று அக்கம்பக்கத்தார் பயிற்சி பெற்று நோயாளியின் அருகில் போய் உட்கார்கிறார்கள். நம் ஜமாஅத்துகளுக்கு இதில் பெரிய வேலை காத்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சை தர வழி செய்யப்பட்டது.

நம் இல்லத்தரசிகளுக்கும் வாலிபர்களுக்கும் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம். முதலில் வலி தணிய வேண்டும். துடிக்கிற கையில் பேனாவைக் கொடுப்பதில் பயனில்லை. டாக்டர் கொடுக்கும் மார்பின் மாத்திரையைப் போதைப் பொருள் என்று ஒதுக்கிவைக்கும் வீடுகளைப் பார்க்கிறோம். தேவைக்காக, மருத்துவர் சொன்ன அளவில், மருந்தாக உட்கொள்வது ஆகும் என்றே உலமாக்கள் சொல்கிறார்கள். மாத்திரை வேலை செய்யும் அந்த நேரம்தான் எழுதவும் பேசவும் ஏற்ற நேரம். மல்லாந்து படுத்திருப்பவருக்குப் பால்பாயிண்ட் பேனா மை இறங்காது, பென்சில்தான் சரி. நோட்டுக்கு அடியில் ஒரு கெட்டி அட்டை வேண்டும். கால் மணி நேரம் போதும். எழுதியபின் அழுகை வரலாம். பக்கத்தில் இருங்கள். 'ஏன் அழுகிறீர்கள், எதை எழுதினீர்கள்' என்று விசாரணை வேண்டாம். எழுத விருப்பமில்லாதவரை வற்புறுத்தவும் வேண்டாம்.

சாக வேண்டும் என்று எழுதியிருந்தால் பதறி நோட்டைப் பறிக்காதீர்கள். மரியம் அலைஹஸ்ஸலாம் அவர்களே பிரசவ வேதனையில் இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்றார்கள். வலி கூடியிருக்கிறதென்று அதற்கு அர்த்தமாயிருக்கலாம்; வைத்தியருக்குத் தெரியப்படுத்துங்கள். துன்பத்துக்காக மரணத்தை வேண்டக்கூடாது, வாழ்வது நன்மையாயிருக்கும் வரை வாழவை, மரணம் நன்மையானால் மரணத்தைக் கொடு என்று கேட்க வேண்டும் என நபியவர்கள் கற்றுத் தந்த துஆவை, கண்டிக்கும் குரலில் அல்லாமல், கூடவே இருந்து ஓதிக் கொடுங்கள்.

வஸிய்யத்தை இதோடு கலக்க வேண்டாம். அது தனித் தாளில் இருக்கட்டும். வஸிய்யத் செய்ய ஏதேனும் உள்ள முஸ்லிம், அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவைக் கழிப்பது தகாது என்ற ஹதீஸைக் கேட்டது முதல் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவும் அது தம்மிடம் இல்லாமல் இருந்ததில்லை. மக்காவில் நோயுற்ற ஸஅது (ரலி) அவர்கள் பொருளில் மூன்றில் இரண்டைத் தர்மம் செய்யக் கேட்டபோது, மூன்றில் ஒன்றே அதிகம்தான் என்று நபியவர்கள் எல்லை கட்டினார்கள். கடன், அமானிதம், விடுபட்ட நோன்புக்கான பித்யா எல்லாம் சாட்சிகளோடு அந்தத் தாளில் வரட்டும். அதைப் பலரும் பார்ப்பார்கள். மனத்தைக் கொட்டிய நோட்டு அப்படியல்ல. யார் பார்க்கலாம், பின்னால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நாம் சொன்ன அம்மையார், மீதி ஏடுகளை யாரும் வாசிக்கலாகாது என்று ஜாடை காட்டியிருந்தார்கள். அதில் அல்லாஹ்வின் திருநாமம் இருந்ததால், கிழிந்த முஸ்ஹபின் ஏடுகளைச் செய்வது போல, சுத்தமான துணியில் சுற்றிக் காலடி படாத இடத்தில் புதைக்கச் சொன்னோம். மூத்த மகன் தம் கையாலேயே குழி தோண்டினார்.

நலம் விசாரிக்கப் போகும்போது ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிப் போகிறோம். விழுங்க முடியாதவருக்கு அவை எதற்கு? இப்போதெல்லாம் நாம் ஒரு நோட்டும், சீவிய பென்சில் இரண்டும் எடுத்துப் போகிறோம். சென்ற மாதம் நுரையீரல் நோயோடு இருக்கும் ஒரு பெரியவரிடம் கொடுத்தோம். வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இதுவரை ஓர் எழுத்தும் எழுதவில்லை என்று மகள் சொல்கிறார். தலையணை உறை மாற்றும்போது மட்டும் நோட்டை எங்கே என்று கேட்கிறாராம். நாமும் ஒன்றும் கேட்கவில்லை.